இனிப்பு டப்பாவைப் பூட்டுவதற்கு முன்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர், இந்தப் பருவத்தில் ஒரே விஷயத்தைப் பல விதமாகக் கேட்டுவிட்டார்கள். சர்க்கரையை நிறுத்தினால் சரியாகுமா? குடலைச் சுத்தம் செய்தால் துடுக்குத்தனம் அடங்குமா? பள்ளியில் இனிப்பையே தடை செய்துவிடலாமே? வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகள் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்கின்றன. நான் மருத்துவர் அல்ல. ஆனால் பள்ளியில் எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பு என்னுடையது. அதற்காகப் படித்ததையும் எங்கள் ஆசிரியர்கள் வகுப்பில் காண்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

சர்க்கரைமேல் விழுந்திருக்கும் பழி பெரிது, ஆதாரம் சிறிது. 1994-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தாய்மார்களில் ஒரு பகுதியினரிடம் ‘உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்’ என்று சொன்னார்கள். உண்மையில் எல்லாச் சிறுவர்களுக்கும் கொடுத்தது சர்க்கரையே இல்லாத செயற்கை இனிப்பு. ஆனாலும் சர்க்கரை என்று நம்பிய தாய்மார்கள், பிள்ளை அதிகம் ஆட்டம் போட்டதாகச் சொன்னார்கள். அவனை விட்டு நகராமல் நின்று, அடிக்கடி குறை சொன்னார்கள். மறு ஆண்டு பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த மதிப்பாய்வும் சர்க்கரையால் குழந்தைகளின் நடத்தை மாறுவதாகக் காணவில்லை. பல்லுக்காகச் சர்க்கரையைக் குறையுங்கள், வரவேற்கிறேன். அது வேறு வழக்கு.

செயற்கை நிறமிகளை அப்படித் தள்ளிவிட முடியாது. பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்படாத சாதாரணக் குழந்தைகளிடமே, நிறமிகளும் உணவு கெடாமல் காக்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் துறுதுறுப்பைச் சற்றுக் கூட்டியது. விளைவு சிறியது, குழந்தைக்குக் குழந்தை வேறுபட்டது. எனினும் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த ஆய்வில் இடம்பெற்ற ஆறு நிறமிகளில் ஒன்று சேர்ந்தாலும் உறையில் எச்சரிக்கை அச்சிட வேண்டும். நிறமியால் ஊட்டம் எதுவும் இல்லை. விட்டுவிட்டால் இழப்பும் இல்லை.

இனி குடல். குடலும் மூளையும் வேகஸ் நரம்பின் வழியாகவும் இரத்தத்தின் வழியாகவும் ஓயாமல் பேசிக்கொள்கின்றன என்பது உண்மை. மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற வேதிப்பொருளில் பெரும்பகுதி குடலில்தான் உருவாகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்தச் செரோடோனின் நேராக மூளைக்குள் போய்விடுவதில்லை. இந்த இடத்தை விளம்பரங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன. பின்லாந்தில் 75 குழந்தைகளை 13 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். கைக்குழந்தைப் பருவத்தில் ஒரு வகை நன்மை பாக்டீரியா கொடுக்கப்பட்டவர்களில் ஒருவருக்கும் ஏ.டி.எச்.டி.யோ ஆட்டிச வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் குறைபாடோ வரவில்லை. கொடுக்கப்படாத 35 பேரில் ஆறு பேருக்கு இரண்டில் ஒன்று வந்தது. நம்பிக்கை தருகிற செய்திதான். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை நம்பி, இன்று எட்டு வயதாகும் பிள்ளைக்கு விலையுயர்ந்த மாத்திரை டப்பாக்களை வாங்குவது அவசரம்.

குடலைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் மலச்சிக்கலைப் பற்றிக் கவலைப்படுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும்; பேசியாக வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று பெரிய ஆய்வுகளே காட்டுகின்றன. உடல் தரும் அறிகுறியைக் கவனிக்காமல் விளையாட்டில் மூழ்கிவிடுவார்கள், அல்லது கழிப்பறையில் இரண்டு நிமிடம் உட்காரப் பொறுமை இருக்காது. நாற்காலி விளிம்பில் காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க, நுனிவிரலில் எழும்பி எழும்பி உட்காரும் பிள்ளையை ‘அடங்க மாட்டேன் என்கிறான்’ என்று ஆசிரியர்கள் எளிதில் எழுதிவிடக்கூடும். அவன் மலத்தை அடக்கிக்கொண்டிருக்கலாம். வயிறு கனத்த பிள்ளைக்குக் கணக்கில் எப்படி மனம் நிற்கும்? தண்ணீர், காய்கறி, பழம், முழுத்தானியம், சாப்பிட்டதும் அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்காரும் பழக்கம் ஆகியவற்றால் மாறவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மதிய உணவு தொடப்படாமல் வீடு திரும்புகிறதா? மெத்தில்பெனிடேட் போன்ற ஏ.டி.எச்.டி. மருந்துகள் பகலில் பசியை மந்தமாக்கும். மருந்துக்கு முன்பே நிறைவான காலை உணவு, மாலையில் பசி திரும்பும்போது இன்னொரு முழு வேளை என்று நேரத்தை மாற்றிப் பாருங்கள். மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளை வெளிறிக் களைத்திருந்தால் இரும்புச்சத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். கவனத்துக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் உருவாக இரும்பு தேவை. சோதிக்காமல் இரும்பு மாத்திரை கொடுப்பது ஆபத்து.

பால், கோதுமை, முட்டை எல்லாவற்றையும் ஒரே நாளில் விலக்கிவிடுவதையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். 2011-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மிகச் சில உணவுகளை மட்டும் ஐந்து வாரம் கொடுத்ததில் பல குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்பது மதிப்பிட்ட பெற்றோருக்குத் தெரியும். சர்க்கரைச் சோதனையில் அந்தத் தாய்மார்களுக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். உணவியல் நிபுணரின் துணை இல்லாமல் இதைச் செய்தால் ஊட்டக்குறைவு வரலாம்; ஏற்கெனவே நாலு பொருளை மட்டுமே சாப்பிடுகிற பிள்ளைக்கு அதுவும் போய்விடும்.

ஆகவே பள்ளியில் இனிப்புக்குத் தடை வராது. பரிசாக மிட்டாய் கொடுப்பதை மட்டும் எல்லா வகுப்பிலும் நிறுத்துகிறோம்; ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டி ‘உனக்குக் கிடையாது’ என்று சொல்லும் நிலை வரக்கூடாது. பாடவேளையில் கழிப்பறைக்குப் போகக் கேட்டால் மறுப்பு இல்லை. மருந்து எடுக்கும் பிள்ளைகள் பசிக்கும் நேரத்தில் வகுப்பிலேயே சாப்பிடலாம். எவருடைய உணவு டப்பாவைப் பற்றியும் ஆசிரியர்கள் கருத்துச் சொல்ல மாட்டார்கள்.

ஏதோ ஓர் உணவு உங்கள் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை என்று சந்தேகப்பட்டால் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: சாப்பிட்டது, தூங்கிய நேரம், மலம் கழித்தது, அன்றைய நடத்தை. பள்ளி நேரத்துக்கான குறிப்பை வகுப்பாசிரியர் தனியாக எழுதுவார், உங்கள் நோட்டைப் பார்க்காமல். பிறகு இரண்டையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். விரும்புவோர் வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே பெயர் கொடுக்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்