செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தெற்கு லண்டன் க்ராய்டனில் உள்ள நம் இசைச் சங்கத்தின் தலைவர் ஐயாவுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் பொதுக்குழுவில் இந்த அறிக்கையை வாசிக்க எழுந்தபோது ஹாலில் இருந்தது 11 பேர். அதில் இருவர் சமோசா கொண்டுவந்தவர்கள். அதனால்தான் முழுவதையும் இங்கே எழுதிப் போடுகிறேன். 'எங்களிடம் யாரும் சொல்லவில்லையே' என்ற பேச்சு இந்த ஆண்டாவது வேண்டாம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் 9 நடந்தன. பொங்கல் விழா நன்றாக நடந்தது. பழைய இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நன்கொடையாக வந்தது, வைக்க இடமில்லாததால் என் கராஜில் இருக்கிறது. ஆகஸ்டில் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு ப்ராம்ஸ் (Proms) என்ற கோடைகால இசை விழாவில் கச்சேரி கேட்கப் போனோம். நின்று கேட்க 8 பவுண்டுதான், வந்தது 5 பேர்.

'அவ்வளவு நேரம் நிற்க முழங்கால் விடாது' என்று அன்று சொன்ன அதே முழங்கால்களை மார்ச் 8 அன்று ஹேமர்ஸ்மித் அப்பல்லோ வாசலில், குளிரில், வரிசையில் பார்த்தேன். இளையராஜாவின் சிம்பொனிக்கு நம் சங்கத்திலிருந்து மட்டும் 34 பேர். குறை சொல்லவில்லை, நானும் அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டவன்தான். ஆனால் மேடையில் வாசித்த ராயல் பில்ஹார்மோனிக் அந்த ஒரு நாளுக்காக வானத்திலிருந்து இறங்கி வந்த குழு இல்லை. தாமஸ் பீச்சம் 1946-ல் ஆரம்பித்தது, ஆண்டு முழுக்க வாசிக்கிறார்கள், மற்ற நாட்களிலும் டிக்கெட் விற்கிறார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊர் ஃபேர்ஃபீல்ட் ஹால்ஸில் லண்டன் மொசார்ட் பிளேயர்ஸ் என்ற இசைக்குழுவின் கச்சேரிக்கு 20 பேர் வருவதாகக் கை தூக்கினீர்கள். 20 டிக்கெட் வாங்கினேன். என்னையும் சேர்த்து வந்தது 4 பேர். எனக்கு இரண்டு பக்கமும் எட்டெட்டு காலி நாற்காலிகள், அதில் ஒன்றின் மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த 16 டிக்கெட் பணத்தைச் சங்கக் கணக்கில் ஏற்ற மனம் வரவில்லை, என் கையிலிருந்தே போனது. தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன், கேட்பதற்காக இல்லை.

அந்தக் குழுவின் கதையும் நம் செயற்குழுவுக்கு உறைக்க வேண்டிய கதை. ஹாரி பிளெக் 1949-ல் தொடங்கியது. 2014-ல் க்ராய்டன் நகராட்சியின் உதவித்தொகை நின்றபோது மூடிவிட்டுப் போகவில்லை, வாத்தியக்காரர்களே நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்கள். காலையில் ஒத்திகை, மாலையில் கச்சேரி, நடுவில் கணக்கு வழக்கு. நம்மிடம் மின்னஞ்சலுக்குப் பதில் போட இரண்டு வாரம் ஆகிறது.

அப்புறம், பதில் ஆள் விவகாரம். 1904 வாக்கில் லண்டன் வாத்தியக்காரர்களிடையே ஒரு பழக்கம் இருந்தது. ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டவருக்கு வேறு இடத்தில் கூடக் காசு கிடைத்தால், தனக்குப் பதில் ஒருவரை அனுப்பிவிட்டுப் போய்விடுவார். அந்த ஒருவருக்கும் நல்ல சம்பளம் வந்தால் அவர் இன்னொருவரை அனுப்புவார். ஒத்திகையில் வாசித்த முகம் கச்சேரியில் இருக்காது. குவீன்ஸ் ஹால் இசைக்குழுவை நடத்திய ஹென்றி வுட் தரப்பு இனி பதில் ஆள் கிடையாது என்று நிறுத்தியதும், கோபித்துக்கொண்டு வெளியேறிய 40-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து ஆரம்பித்ததுதான் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா. 1904 ஜூன் மாதம் முதல் கச்சேரி, நடத்தியவர் ஹான்ஸ் ரிக்டர். இன்றும் அது வாத்தியக்காரர்களுக்கே சொந்தம்.

நவம்பர் செயற்குழுக் கூட்டத்துக்கு வந்த 6 பேரில் 3 பேர் பதில் ஆட்கள். ஒரு அண்ணா தன் மச்சானை அனுப்பினார். இன்னொருவர் பள்ளிக்கூடம் போகும் மகனை அனுப்பினார், அந்தத் தம்பி சந்தா உயர்வுத் தீர்மானத்தை எதிர்த்துக் கை தூக்கிவிட்டு போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். தீர்மானம் ஒரு வாக்கில் தோற்றது. கோபித்துக்கொண்டு போனாலாவது பரவாயில்லை, அந்த லண்டன்காரர்களைப் போலப் போய் ஒன்றைத் தொடங்குங்கள், நானே முதல் டிக்கெட் வாங்குகிறேன்.

இனி, இந்த ஆண்டின் முக்கியமான நிகழ்ச்சி என்று நான் நினைப்பது (நினைப்பது நான் ஒருவன்தானா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்), அக்டோபரில் நடந்த க்ராய்டன் இசை நடை. மூன்று மாதம் நூலகத்தில் உட்கார்ந்து தயாரித்தேன். வரைபடம் 40 பிரதி அச்சடித்தேன், 36 இன்னும் கார் டிக்கியில் இருக்கிறது. வந்தவர்கள் நான், என் மனைவி, சர்ரே தெரு மார்க்கெட்டில் கீரை வாங்கப் போகிறோம் என்று நினைத்து வந்த அவருடைய தோழி, பொருளாளர் அண்ணா. மழை.

செல்ஹர்ஸ்ட் ஸ்டேஷனிலிருந்து இரண்டு நிமிட நடையில் டாக்னால் பார்க், 30-ஆம் எண் வீடு. சுவரில் நீலப் பலகை, இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ் டெய்லர் இங்கே வாழ்ந்தார் என்று. அப்பா சியரா லியோனிலிருந்து வந்த மருத்துவர், அம்மா ஆங்கிலேயர், பையன் வளர்ந்தது நம் க்ராய்டனில். 15 வயதில் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக், 23 வயதில் ஹயவாதாவின் திருமண விருந்து என்ற சேர்ந்திசைப் படைப்பு. இங்கிலாந்தில் பாடாத சேர்ந்திசைக் குழு இல்லை என்கிற அளவுக்குப் போனது. ஆனால் அதை அவர் பதிப்பாளருக்கு மொத்தமாக விற்ற விலை 15 கினி, அதாவது 15 பவுண்டு 15 ஷில்லிங். பிரதிகள் லட்சக்கணக்கில் விற்றும் அதற்குமேல் உரிமைத் தொகை என்று ஒரு பைசா இல்லை. குடைக்குள் சின்ன ஸ்பீக்கரை வைத்து அதில் மூன்று நிமிடம் போட்டேன். பார்சல் கொண்டுவந்த வேன்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு முடியும்வரை கேட்டார். அவரை அடுத்த ஆண்டு உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று பொருளாளர் சொன்னார்.

அங்கிருந்து பிரிட் ஸ்கூல் என்ற கலைப் பள்ளி. 1991-ல் திறந்தது, கட்டணம் கிடையாது. பாடகிகள் ஏமி வைன்ஹவுஸ், அடேல் இருவரும் படித்த இடம். பிறகு வெஸ்ட் க்ராய்டன் ஸ்டேஷன். 1912 ஆகஸ்டு கடைசியில் கோல்ரிட்ஜ் டெய்லர் ரயிலுக்குக் காத்திருந்தபோது மயங்கி விழுந்தது இங்கேதான். செப்டம்பர் 1-ம் தேதி நிமோனியாவில் போய்விட்டார், வயது 37. பிள்ளைகளோடு நின்ற மனைவியின் நிலையைப் பார்த்து இசையுலகம் கொஞ்சம் வெட்கப்பட்டது. 1914-ல் இசையமைப்பாளர்களின் உரிமைக் கட்டணத்துக்கென்று ஒரு சங்கம் அமைந்ததற்கு அவர் கதையும் ஒரு காரணம். ஹாலில் பாட்டுப் போட எதற்கு உரிமக் கட்டணம் என்று ஜனவரியில் கேட்ட உறுப்பினருக்கு என் பதில் இதுதான். நாம் எல்லோரும் வாரா வாரம் கறிவேப்பிலை வாங்க அந்த ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான் போகிறோம், அண்ணாந்து பார்த்ததில்லை.

சர்ரே தெருவில் பிக் ஆப்பிள் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. 2000-க்குப் பிறகு ஸ்க்ரீம், பெங்கா போன்ற பையன்கள் அங்கே கூடித்தான் டப்ஸ்டெப் என்ற இசை வகை உருவானது. இதையும் தார்ன்டன் ஹீத்தில் வளர்ந்த ராப் பாடகர் ஸ்டார்ம்ஸியையும் பற்றி ஒரு உறுப்பினரின் மகள் மார்ச் கூட்டத்தில் பேசியபோது, 'அதெல்லாம் ஒரு பாட்டா' என்று இரண்டு பெரியவர்கள் எழுந்து போனார்கள். கிரைம் (grime) என்ற லண்டன் ராப் வகையில் ஒரு ஆல்பம் இந்த நாட்டில் முதல் முறையாக முதலிடம் பிடித்தது 2017-ல், ஸ்டார்ம்ஸியுடையதுதான். எனக்கும் பாதிதான் புரிந்தது, ஆனால் உட்கார்ந்திருந்தேன். ஒன்பது கூட்டங்களில் 30 வயதுக்குக் கீழே ஆட்கள் வந்த கூட்டம் அது ஒன்றுதான்.

நடை முடிந்தது ஃபேர்ஃபீல்டில். 1965-ல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ஆர்னெட் கோல்மன் இங்கே வாசிக்க வந்தபோது தொழிற்சங்க விதி குறுக்கே நின்றது, ஜாஸ்காரர் வர வேண்டுமென்றால் பதிலுக்கு இங்கிருந்து ஒருவர் போக வேண்டும். செவ்வியல் கலைஞருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. மனிதர் ஊதுவாத்தியங்களுக்கு ஒரு ஐவர் இசையை எழுதிக் கொடுத்துச் செவ்வியல்காரராகி உள்ளே வந்துவிட்டார். மழைக்கு ஒதுங்கி நின்று இதை மூன்று பேருக்குச் சொன்னேன். தோழி கீரை எப்போது என்று கேட்டார்.

வரவு செலவு: வரவு செலவைவிடச் சற்றே கூடுதல், அல்லது சற்றே குறைவு, பொருளாளர் பழைய ரசீதுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஹால் வாடகை ஏறிவிட்டது. சில்லறைச் செலவு சில்லறையாகவே இருந்தது. சந்தா ஆண்டுக்கு 15 பவுண்டு. 58 உறுப்பினர்களில் கட்டியவர்கள் 27. பெயர்ப் பட்டியலை ஒட்ட வேண்டாம் என்று தலைவர் ஐயா தடுத்துவிட்டார், அதனால் ஒட்டவில்லை.

தலைவர் ஐயாவுக்கும், தேநீர் போட்ட அக்காமார்களுக்கும், ஹால் பொறுப்பாளருக்கும், சமோசா கொண்டுவந்த இருவருக்கும் நன்றி.

வரும் 2025 ஆகஸ்டு 15 கோல்ரிட்ஜ் டெய்லரின் 150-வது பிறந்தநாள். பாண்டன் ஹில் கல்லறையில் அவர் நடுகல்லில் ஹயவாதாவின் சில இசைவரிகளைச் செதுக்கியிருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம். அன்றைக்குக் கொடியேற்றம் இருக்கிறதே என்பீர்கள், தெரியும். அது காலையில், இது மாலையில். 20 பேர் பெயர் கொடுத்துச் சந்தாவையும் கட்டினால் வேன் பேசுகிறேன். இல்லையென்றால் பேருந்தில் நானும் மனைவியும் போய்வருவோம்.

இது என் ஏழாவது ஆண்டு. யாராவது முன்வந்தால் சாவியையும், மினிட்ஸ் புத்தகத்தையும், கராஜில் உள்ள பெட்டியையும் அன்றே ஒப்படைக்கத் தயார். பொதுக்குழுவில் கேட்டேன், எல்லோரும் சமோசாவைப் பார்த்தார்கள்.

இசை நடையன்று மரக் கைப்பிடி போட்ட நீலக் குடை ஒன்று என் காரில் தங்கிவிட்டது. உரியவர் சந்தாவோடு வந்து வாங்கிக்கொள்ளலாம்.