பீச் வாலிபால் போட்டிகளில் பதிவுக்கும் ஜோடி மாற்றத்துக்கும் பொது விதி வகுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பீச் வாலிபால் வீரர்கள், வீராங்கனைகள், பெற்றோர் சார்பாக,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
வாடிப்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மதுரை.

பொருள்: மதுரை மாவட்டத்தில் பொது இடங்களில் நடைபெறும் பீச் வாலிபால் போட்டிகளில் ஜோடிகளைப் பதிவு செய்யும் முறையையும், பதிவுக்குப் பின் ஜோடியில் ஒருவரை மாற்றும் முறையையும் ஒழுங்குபடுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நம் மாவட்டத்தில் அரசு மைதானங்களிலும், உள்ளாட்சிக்குச் சொந்தமான இடங்களிலும், அரசின் அனுமதி பெற்றுப் பிற பொது இடங்களிலும் நடைபெறும் பீச் வாலிபால் போட்டிகளுக்கு, பதிவு குறித்தும் ஜோடி மாற்றம் குறித்தும் எழுத்து வடிவில் ஒரே விதி இருக்க வேண்டும் என்றும், அது பதிவு தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் கோரி இம்மனுவைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம். ஜோடி மாற்றமே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. மாற்றத்துக்கு வழி இருக்க வேண்டும். அந்த வழி செல்வாக்கு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஆறு பேர் ஆடும் வாலிபாலில் ஒருவருக்குக் கால் பிசகினால், வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று வீரர் உள்ளே வருவார், ஆட்டம் தொடரும். பீச் வாலிபாலில் அணி என்பதே இரண்டு பேர்தான். மாற்று வீரர் என்ற ஏற்பாடு சர்வதேச ஆட்ட விதியில் கிடையாது. ஆட்டத்தின் நடுவே அடிபட்டவர் தேறுவதற்கு ஐந்து நிமிடம் வரை தரப்படும். அதற்குள் அவரால் எழுந்து ஆட முடியாவிட்டால் அணி முழுமையற்றதாக அறிவிக்கப்பட்டு ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும். கடுமையான விதிதான். ஆனாலும் அது இரு தரப்புக்கும் ஒன்றுபோல இருப்பதால் எங்களுக்கு அதில் குறை இல்லை. எங்கள் குறையெல்லாம் முதல் சர்வீஸ் போடுவதற்கு முன்னால் நடப்பவை பற்றியது: யார் யாரோடு பெயர் கொடுத்தார், யாரை எந்த நேரத்தில் மாற்றினார், மாறிய ஜோடிக்கு டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற ஆட்டப் பட்டியலில்) எந்த இடம் கொடுக்கப்பட்டது என்பவை பற்றியது.

கடற்கரை இல்லாத நம் மாவட்டத்தில் இந்தக் கேள்விகள் கூடுதல் கனம் பெறுகின்றன. 16 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட களத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 3 மீட்டர் இடம் விட்டு, அந்தப் பரப்பு முழுவதும் 40 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மணல் நிரப்ப வேண்டுமானால் 120 கன மீட்டருக்கு மேல் மணல் தேவைப்படுகிறது. மணலுக்கு இன்றுள்ள விலையும், அதை எடுத்து வருவதற்கு உள்ள கட்டுப்பாடுகளும் தாங்கள் நன்கு அறிந்தவை. ஆகவே இங்கே மணல் களங்கள் அரிதாகவே இருக்கின்றன. உச்சி வெயிலில் மணலில் கால் வைக்க முடியாது என்பதால் காலையிலும் மாலையிலும்தான் ஆட்டம் வைக்க முடிகிறது. ஒரே களத்தை வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு இரண்டே நாளில் போட்டியை முடிக்க நினைக்கும் அமைப்பாளர், எட்டு ஜோடி அல்லது பதினாறு ஜோடி என்று எல்லை வைப்பதைத் தவறென்று சொல்ல முடியாது. இடம் குறைவாக இருக்கும்போது அந்த இடம் யாருக்கு, எந்த அடிப்படையில் கொடுக்கப்படுகிறது என்பதை எழுதி வைப்பது அவசியமாகிறது.

நடந்த ஒன்றைத் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. யார் மீதும் நடவடிக்கை கோருவது எங்கள் நோக்கம் அல்ல; ஆகவே போட்டியின் பெயரையோ அமைப்பாளர் பெயரையோ குறிப்பிடவில்லை. வைகைக் கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த இரண்டு பெண் பிள்ளைகள், நம் மாவட்டத்தில் நடந்த ஒரு திறந்தநிலைப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் செலுத்திப் பதிவு செய்திருந்தார்கள். போட்டிக்கு முன்பு நடந்த பயிற்சியில் ஒரு பிள்ளைக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. அவர்களோடு தினமும் பயிற்சி எடுக்கும் மூன்றாவது பிள்ளை ஆடத் தயாராக இருந்தாள். டிரா அப்போது போடப்படவில்லை. ஆனால், “ஒருமுறை கொடுத்த பெயரை மாற்ற முடியாது, கட்டணத்தையும் திருப்பித் தர முடியாது” என்று பதில் வந்தது. பிள்ளைகள் அதை ஏற்றுக்கொண்டு, போட்டியைப் பார்ப்பதற்காகவாவது போவோம் என்று மைதானத்துக்குப் போனார்கள். அங்கே ஆண்கள் பிரிவில், டிரா போட்ட பிறகு, முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னால், ஒரு ஜோடியில் ஒருவரை நீக்கிவிட்டு வேறு மாவட்டத்திலிருந்து வந்த நல்ல உயரமான, அனுபவமுள்ள பிளாக்கர் (வலையருகே எதிரணியின் அடியைத் தடுப்பவர்) ஒருவரைச் சேர்த்தார்கள். புதிய ஜோடி அதற்கு முன் ஒன்றாக ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆனாலும் பழைய ஜோடிக்கு என்று ஒதுக்கிய இரண்டாம் சீடிங் இடம் (பலத்தின் அடிப்படையில் டிராவில் தரப்படும் வரிசை இடம்) அப்படியே அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. காரணம் கேட்ட பெற்றோரிடம், நோட்டீஸின் அடியில் இருந்த “கமிட்டியின் முடிவே இறுதியானது” என்ற வரியைக் காட்டினார்கள்.

அந்த வரி களத்துக்குள் தேவையானது என்பதை உடற்கல்வி ஆசிரியராக இருந்த நானே பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று கேள்வி வந்தால் ஒருவர் முடிவு சொல்லித்தான் ஆக வேண்டும். விதியே எழுதப்படாத இடத்தில் அந்த வரியை வைத்துக்கொண்டு ஒருவருக்கு ஒரு நியாயமும் மற்றவருக்கு வேறொரு நியாயமும் வழங்குவது வேறு விஷயம்.

உலக அளவிலான போட்டிகளில் இது எப்படிக் கையாளப்படுகிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம். சர்வதேசத் தொடர்களில் போட்டி முடிவுகளுக்கான தரவரிசைப் புள்ளிகள் ஒவ்வொரு வீரரின் பெயரிலும் தனித்தனியே சேர்கின்றன. ஒரு போட்டியில் சேர்வதற்கு ஜோடியில் உள்ள இருவரின் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கிறார்கள். ஆகவே பார்ட்னரை மாற்றினால் கூட்டுத்தொகையும் மாறிவிடும். பழைய ஜோடியின் இடத்தைப் புதிய ஜோடி சும்மா எடுத்துக்கொள்ள முடியாது. டோக்கியோ ஒலிம்பிக் தகுதிப் பட்டியலுக்கோ, இருவரும் ஒன்றாக ஆடிய போட்டிகளின் சிறந்த 12 முடிவுகளைக் கணக்கில் எடுத்தார்கள். அங்கே ஜோடியாக நீடிப்பதற்கு மதிப்பு அதிகம். இரண்டும் வெவ்வேறு கொள்கைகள். ஆனால் இரண்டிலும் விதி முன்கூட்டியே தெரியும். வீரர்கள் அதை அறிந்துதான் பார்ட்னரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2021-இல் நடந்த அதே டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டெய்லர் கிராப் கொரோனா தொற்றால் விலக நேர்ந்தபோது, அவருடைய பார்ட்னர் ஜேக் கிப்புடன் டிரை போர்ன் சேர்ந்து ஆடினார். அதே காரணத்தால் செக் நாட்டின் மார்கேட்டா ஸ்லுகோவா ஆட முடியாமல் போனபோது, உடல்நலத்தோடு இருந்த அவருடைய ஜோடி பார்போரா ஹெர்மனோவாவும் சேர்ந்து வெளியேற நேர்ந்தது. ஒருவருக்கு வரும் நோய் இன்னொருவரின் பல ஆண்டு உழைப்பை எடுத்துக்கொண்டு போகக்கூடிய விளையாட்டு இது என்பதால், மாற்றத்துக்கான வாசல் எது, அது எப்போது மூடும் என்பது முன்னதாகவே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பார்ட்னரை மாற்றுவது துரோகம் என்ற எண்ணம் நம் ஊர்களில் சிலரிடம் இருக்கிறது. அமெரிக்காவின் ஏப்ரல் ராஸ் 2012-இல் ஜெனிபர் கெஸியுடன் வெள்ளியும், 2016-இல் கெர்ரி வால்ஷ் ஜென்னிங்ஸுடன் வெண்கலமும், டோக்கியோவில் அலிக்ஸ் கிளைன்மனுடன் தங்கமும் வென்றார். மூன்று ஒலிம்பிக், மூன்று பார்ட்னர். பந்தைத் தூக்கிக் கொடுக்கும் நல்ல செட்டும் அதை அடித்து இறக்கும் நல்ல ஸ்மாஷும் பொருந்தும் ஜோடியைத் தேடிக்கொள்ள ஒவ்வொரு வீரருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை, விட்டுச் செல்லப்பட்டவரின் இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகலாகாது. எங்களுக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். பதிவு முடிந்த பிறகு, வசதியுள்ள பயிற்சி மையமோ வசதியுள்ள குடும்பமோ ஒரு ஜோடியில் திறமை கூடியவரைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவர் புதிய பார்ட்னரோடு அதே பதிவில் ஆடுகிறார். கட்டணத்தில் பாதியைக் கொடுத்து, விடியற்காலையில் பஸ் பிடித்துப் பயிற்சிக்கு வந்த மற்றவர், பெயரே இல்லாதவராக நிற்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்ற விதிகூட இல்லை. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி நடக்கும்போது அவர்கள் பெரும்பாலும் சண்டை போடுவதில்லை, விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். ஆகவே பதிவு செய்யப்பட்ட இடம் இருவருக்கும் பொதுவானது என்றும், இருவரும் கையொப்பமிட்டால்தான் ஜோடி மாற்றம் செல்லும் என்றும், ஒருவர் தாமாக விலகிப் போனால் அந்த இடம் எஞ்சியிருப்பவருக்கே சேரும் என்றும் விதியில் எழுதப்பட வேண்டும் என்பதே எங்கள் முதன்மையான கோரிக்கை.

மாற்றத்துக்கான காலக்கெடு பற்றி நாங்கள் பரிந்துரைப்பது இது. டிரா போடுவதற்கு முந்தைய நாள் மாலை வரை, எந்தக் காரணத்துக்காகவும் ஒரு ஜோடி ஒருமுறை மாற்றம் செய்துகொள்ளலாம்; ஆனால் சீடிங் புதிய இருவரின் புள்ளிகளைக் கூட்டி மறுபடி கணக்கிடப்பட வேண்டும். அதற்குப் பிறகு, அந்த ஜோடியின் முதல் ஆட்டம் தொடங்கும் வரை, காயம் அல்லது நோய் காரணமாக மட்டுமே, அரசு மருத்துவரின் சான்றோடு மாற்றம் அனுமதிக்கப்படலாம். அப்போதும் புதிதாக வருபவர் வேறு ஜோடியில் பதிவு செய்தவராக இருக்கக் கூடாது. அவருடைய புள்ளி, விலகியவரின் புள்ளியைவிட அதிகமாகவும் இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனை இருந்தாலே, கடைசி நேரத்தில் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பெரிய வீரரை இறக்கும் வழக்கம் நின்றுவிடும் என்று நம்புகிறோம். முதல் ஆட்டம் தொடங்கிய பிறகு எந்த மாற்றமும் வேண்டாம்.

புள்ளி என்றவுடன் இது பெரிய ஏற்பாடோ என்று தயங்க வேண்டியதில்லை. மாவட்டத்தில் அனுமதி பெற்று நடக்கும் போட்டிகளின் முடிவுகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, வெற்றியாளர் ஒவ்வொருவருக்கும் 100, அடுத்து வந்தவருக்கு 80 என்பது போல வீரர் பெயரிலேயே குறித்து வைத்தால் போதும். 60 புள்ளி உள்ள இருவர் சேர்ந்தால் 120. 100 புள்ளி உள்ளவர் புதியவரோடு வந்தால் 100. யார் எங்கே நிற்கிறார்கள் என்பது எவருக்கும் விளங்கிவிடும். முதலமைச்சர் கோப்பைக்கு இணையத்தில் பதிவு செய்து பழகிய பிள்ளைகள், இந்தப் பட்டியலையும் இணையத்தில் பார்த்துக்கொள்வார்கள்.

பெண்கள் பிரிவுக்குச் சற்றுத் தனிக் கவனம் தேவை. பள்ளி முடித்ததும் கல்லூரிக்கு வெளியூர் போவதும், திருமணமாகி வேறு ஊர் போவதும் பெண்கள் ஜோடிகளையே அதிகம் பிரிக்கின்றன. ஊரில் பீச் வாலிபால் ஆடும் பெண்கள் சிலரே என்பதால், எஞ்சியவருக்கு உள்ளூரிலேயே இன்னொரு பார்ட்னர் கிடைப்பது அரிது. இங்கே மாவட்ட எல்லையும் குறுக்கே வந்து நிற்கிறது. திருப்புவனம் சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்தது. நிலக்கோட்டை திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கிருந்து தினமும் மதுரைக்கு வந்து படிக்கும், பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜோடியில் இருவரும் ஒரே மாவட்ட முகவரி காட்ட வேண்டும் என்று சில போட்டிகள் கேட்பதால் அவர்கள் எந்தப் பக்கமும் சேர முடியாமல் போகிறது. வசிக்கும் இடம், படிக்கும் இடம் இரண்டில் ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுத்துக்கொள்ள அனுமதித்தால் இது தீரும்.

விலகிய ஜோடிகளின் இடம், வரிசை எண்ணோடு வெளியிடப்பட்ட காத்திருப்போர் பட்டியலிலிருந்து நிரப்பப்பட வேண்டும். அமைப்பாளர் தம் விருப்பப்படி ஓரிரு ஜோடிகளைச் சேர்த்துக்கொள்வதை நாங்கள் எதிர்க்கவில்லை; பெயர் பெற்ற வீரர் வந்தால் கூட்டம் வரும், பரிசுத் தொகை தருபவரும் மகிழ்வார். அத்தகைய இடங்கள் எத்தனை, யாருக்கு என்பது பதிவு முடியும் முன்பே அறிவிக்கப்பட்டால் போதும். டிராவுக்கு முன் மருத்துவக் காரணத்தால் விலகும் ஜோடிக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவும் வேண்டும்.

அமைப்பாளர்களில் பலர் தம் கைப்பணத்தைச் செலவழித்து, வேலைக்கு விடுப்பு எடுத்து இந்தப் போட்டிகளை நடத்துபவர்கள் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறோம். அவர்கள் மீது சுமை ஏற்றாமல், மாவட்ட விளையாட்டு அலுவலகம் வழியாக ஒரு பக்க அளவில் மாதிரி விதி தயாரித்து, அரசு மைதானத்துக்கோ பொது இடத்துக்கோ அனுமதி வழங்கும் ஆணையிலேயே அதைப் பின்பற்ற வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் நடைமுறைக்கு எளிதாக இருக்கும். அந்த விதியைத் தயாரிக்கும்போது வீராங்கனைகளில் ஒருவரையாவது அழைத்துக் கேட்க வேண்டும்.

வரும் பொங்கல் போட்டிகளுக்கு மைதான அனுமதி வழங்கப்படும் முன்பே இதை நடைமுறைக்குக் கொண்டுவர ஆவன செய்யுமாறும், எங்கள் தரப்பைத் தங்கள் முன்னிலையில் நேரில் விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வீரர்கள், வீராங்கனைகள், பெற்றோர் சார்பாக
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

இடம்: மதுரை

இணைப்பு: வீரர்கள், பெற்றோர் கையொப்பங்கள், மாதிரி விதியின் வரைவு.

நகல்: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், மதுரை.