உளுந்தூர்பேட்டையில் திரும்பிய வழி

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

வணக்கம். 2024 டிசம்பர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் காவலர்கள் நம் காரைத் திருப்பி விட்டபோது, உங்கள் பேச்சைக் கேளாமல் நான் சேலம் சாலையைப் பிடித்ததில் உங்களுக்கு உண்டான வருத்தம் இன்னும் ஆறவில்லை என்று தங்கை சொன்னாள். சென்னைக்கு மீதமிருந்த சுமார் 200 கிலோமீட்டரை ஏறக்குறைய 500 கிலோமீட்டராக ஆக்கியதற்கான காரணத்தை, பின்னிருக்கையில் குழந்தைகள் அழுதுகொண்டிருந்த அந்த நேரத்தில் விளக்கிச் சொல்ல வாய்க்கவில்லை. மழைக்காலத்தில் அதே சாலையில் போகிறவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30, சனிக்கிழமை இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் இருந்த நமக்கு அது முடிந்துபோன செய்தியாகவே தோன்றியது. ஆனால், கரையேறிய புயல் புதுச்சேரிப் பக்கமே மணிக்கணக்கில் நகராமல் நின்று, பிறகு மெல்ல மேற்கே போய், விழுப்புரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. மயிலத்திலும் ஊத்தங்கரையிலும் ஒரே நாளில் பெய்த மழை 50 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தது. ஊத்தங்கரைப் பக்கத்துத் தண்ணீர் பாம்பாற்றின் வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வருகிறது. 119 அடி உயரம் வரை நீரைத் தேக்கும் அந்த அணையிலிருந்து, திங்கள் விடியுமுன், நாம் தஞ்சாவூரில் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. காற்று ஓய்ந்ததைக் கண்டு நாம் புறப்பட்டோம். ஆறு அதற்குப் பின்புதான் புறப்பட்டது.

"நான்குவழிச் சாலையில் எப்படித் தண்ணீர் ஏறும்?" என்று அன்று கேட்டீர்கள். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் தென்பெண்ணையிலிருந்து மலட்டாறு பிரிகிறது. பெயருக்கேற்ப ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அது, ஆறு பெருகினால் அரசூர், இருவேல்பட்டு வட்டாரத்தில் வயலெங்கும் பரவும். உளுந்தூர்பேட்டையிலிருந்து சென்னைக்குப் போகும், மேடாகப் போடப்பட்ட நெடுஞ்சாலை அந்த வெள்ளத்துக்குக் குறுக்கே ஏரிக்கரை போல நிற்கிறது. பாலங்களும் சிறு மதகுகளும் விடும் அளவைத் தாண்டி வரும் தண்ணீர் மேற்குப் பக்கத்தில் தேங்கி, உயர்ந்து, கடைசியில் சாலையின் மேலேயே வழிந்து ஓடும். அரசூரில் அன்று நடந்தது அதுதான். ரயிலில் போயிருக்கலாமே என்றும் சொன்னீர்கள். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டதால் அந்தத் தடத்திலும் அன்று போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள்.

இனி, நீங்கள் கைப்பேசியில் காட்டிய இரண்டு வழிகள். முதல் வழியில் வரும் திருக்கோவிலூர் தென்பெண்ணையின் கரையிலேயே, சாத்தனூருக்குக் கீழே இருக்கிறது. பண்ருட்டி வழியாகப் புதுச்சேரிக்குப் போனால் கண்டரக்கோட்டையில் அதே ஆற்றைக் கடக்க வேண்டும். கடலூரைச் சுற்றினாலும் ஆல்பேட்டையில் அதே ஆறுதான். எந்தப் பக்கம் போனாலும், அணையிலிருந்து கிளம்பிய அந்தத் தண்ணீரை எங்கோ ஓரிடத்தில் எதிர்கொண்டே ஆக வேண்டும் என்பதை கைப்பேசி வரைபடத்தில் வழிகாட்டும் நீலக் கோடு நமக்குச் சொல்லாது. கிராமச் சாலைகளில் ஓடைக்கு ஓடை தரைப்பாலங்கள் உண்டு. கலங்கிய தண்ணீருக்கு அடியில் தார்ச்சாலை இருக்கிறதா, அரித்துப்போய்விட்டதா என்பது காரில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. உள்ளூர்க்காரர் ஒருவர் இடுப்பளவு நீரில் முன்னே நடந்து வழிகாட்டினாலும் நான் அதில் காரை இறக்க மாட்டேன்.

சேலம் வழியிலும் தென்பெண்ணையைக் கடந்தோம் என்பது உங்களுக்கு நினைவில் இராது; காவேரிப்பட்டணம் தாண்டும்போது நீங்கள் உறங்கிவிட்டீர்கள். அந்த இடம் சாத்தனூருக்கு வெகு மேலே இருக்கிறது. ஊத்தங்கரை வெள்ளம் ஆற்றில் கலக்குமிடத்துக்கும் மேலே. உளுந்தூர்பேட்டையில் நம்மைத் திருப்பி விட்ட காவலரிடம் கேட்டபோது, சேலம் பக்கம் வண்டிகள் தடையின்றி ஓடுகின்றன என்றுதான் அவரும் சொன்னார். சின்னசேலம், ஆத்தூர், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர் என்று நீண்ட அந்தச் சுற்றில் எரிச்சல் வந்தது உண்மைதான். கொட்டும் மழையில் முழங்காலளவு நீரில் நின்றுகொண்டு, ஒவ்வொரு காராக நிறுத்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் காவலரை நீங்கள் அதட்டியது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

டோல்கேட் கட்டணமும் டீசலும் கூடுதலாக ஆனதைப் பற்றித் தங்கையிடம் குறைப்பட்டுக்கொண்டீர்களாம். வழியைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதால் அந்தச் செலவு என்னுடையது. பொங்கலுக்கு வரும்போது தந்துவிடுகிறேன். அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கம் போவதானால், வானிலை அறிக்கையோடு சாத்தனூரில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்பதையும் முந்தைய இரவே பார்த்துவிட்டுப் புறப்படுவோம்.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்