மலை இறங்குமுன் பிரேக்கைக் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

கார் பராமரிப்பு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, ஆனால் பிரேக்குக்கு இரண்டே வரிதான் இருந்தது. தேனி மாவட்டம் கூடலூரில் 26 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஏறும் வண்டிகள் திரும்பும்போது குமுளி மலைப்பாதையில்தான் இறங்கும். கார்த்திகை, மார்கழியில் என்னிடம் வருவதில் பாதி பிரேக் கோளாறு.

போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, முன் சக்கரத்தில் புகையோடு ஒரு கார் வந்து நின்றது. உள்ளே ஏழு பேர். சூடு ஆறியதும் சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டை இருபுறமும் கவ்விப் பிடிப்பதுதான் பேடு. அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டிய, உரசித் தேயும் லைனிங் என்று எதுவுமே இல்லை. பேடின் இரும்புத் தட்டு டிஸ்க்கை உழுது வைத்திருந்தது, நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். "ஒரு மாசமாவே கீச்சுனு சத்தம் வந்துச்சு சாமி, தூசியா இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் ஓட்டி வந்தவர். பின் சீட்டில் மாலை போட்ட சிறுவன் ஒருவன் அசந்து தூங்கிக் கொண்டிருந்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அந்தக் கீச்சுச் சத்தம் வருவதற்கென்றே பல வண்டிகளின் பேடில் சின்னத் தகடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். லைனிங் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசும். அப்போதே பேடை மாற்றினால் செலவு கொஞ்சம். கீச்சு போய் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தால் டிஸ்க்கும் போச்சு.

இன்னொன்று, வளைவில் திரும்பும்போது டாஷ்போர்டில் பிரேக் விளக்கு மினுக்கி அணைவது. டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று பலரும் ஊற்றி நிரப்பிவிடுகிறார்கள். பேடு தேயத் தேய ஆயில் மட்டமும் இறங்கும், அல்லது எங்காவது கசியும். காரணத்தைப் பார்க்காமல் ஊற்றினால் வண்டி காட்டிய அடையாளத்தை நாமே மறைத்துவிடுகிறோம்.

அந்த ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 (DOT 3) என்ற பிரேக் ஆயில் வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

அதற்கு முன்னாடியே கருகல் வாடை வந்துவிடும். குமுளி டிரைவர்கள் "மணம்" என்பார்கள், மலையாளத்தில் எந்த வாடையும் மணம்தான். அது மூக்கில் பட்டால் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடும். அப்புறம் இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில்தான். இன்ஜினையே அணைத்துவிட்டால் பெடலும் ஸ்டீயரிங்கும் கல்லாகிவிடும்.

ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் ஏறுவது பற்றி உங்கள் கட்டுரையே நன்றாகச் சொல்லிவிட்டது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கார்த்திகை பிறப்பதற்குள் இந்தப் பிரேக் அறிகுறிகளை மட்டும் பெரிய எழுத்தில் அரைப் பக்கம் போடுங்கள். என் பட்டறைச் சுவரில் ஒட்ட இடம் ஒதுக்கிவிட்டேன். லோயர் கேம்ப் டீக்கடைகளிலும் குமுளி டாக்ஸி ஸ்டாண்டிலும் நானே கொண்டுபோய் ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கூடலூர், தேனி மாவட்டம்.