30 கிராமுக்குக் கீழே: மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநருக்கு ஒரு கடைக்காரியின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் ஒரு சந்து முனையில் பத்துக்குப் பத்து கடை வைத்திருக்கிறேன். வாசலில் ஒரு கம்பி. அதில் ஷாம்பூ சரம், தேங்காய் எண்ணெய் சரம், காபித்தூள் சரம் என்று வரிசையாகத் தொங்கும். காலையில் கடையைத் திறந்ததும் முதலில் அந்தச் சரங்களைத்தான் எடுத்து மாட்டுவேன். என் வியாபாரத்தில் பாதி அந்தக் கம்பியில்தான் நடக்கிறது. அதில் தொங்கும் சின்னப் பாக்கெட்டுகளில் உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று எழுதாமல் இருப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன சித்திரையில், கத்திரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். தலைப்பிரசவம், குழந்தைக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் சிவந்து, தோல் உரிந்து, சில இடங்களில் நீர் கசிந்தது. "அக்கா, வேர்க்குரு பவுடர் எதுனா இருந்தா குடுக்கா" என்றாள். குழந்தையைப் பார்த்ததும் எனக்கே பகீரென்றது. கடையைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் விட்டுவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "குழந்தைக்கு என்னென்ன போடுறீங்க? எல்லாத்தோட கவரையும் நாளைக்கு எடுத்துட்டு வாங்க." மறுநாள் நானே எடுத்துப் போனேன். எல்லாம் என் கடையில் வாங்கியவைதானே. ஒரு ஷாம்பூ சாஷே, பத்து ரூபாய் பவுடர் டப்பா, விரல் நுனி அளவு கண்மை டப்பா, ஒரு சின்ன கிரீம் டியூப். அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். விலை இருந்தது, பேட்ச் எண் இருந்தது, தயாரித்தவர் முகவரி இருந்தது, சிரிக்கிற குழந்தைப் படமும் இருந்தது. உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று மட்டும் நான்கில் மூன்றில் இல்லை.

"இதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாதும்மா. எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றார். வெறும் தண்ணீர், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், பருத்தித் துணி. பத்து நாளில் குழந்தைக்குச் சரியாகிவிட்டது. எந்தப் பொருளால் வந்தது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. வெயிலும் வேர்வையுமே காரணமாக இருந்திருக்கலாம். அதனால் எந்தக் கம்பெனி மேலும் நான் பழி போடவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழிகூட இல்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

அந்த மூன்று கவர்களும் சட்டத்தை மீறியவை என்று நினைத்து, உங்கள் துறைக்குப் புகார் எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகன் விதியைத் தேடி எடுத்து வாசித்துக் காட்டினான். 2020ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருட்கள் விதிகள்படி, கலந்திருக்கும் பொருட்களின் பட்டியலை லேபிளில் போட வேண்டும். ஆனால் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும், 30 கிராமுக்குக் குறைவான மற்றவற்றுக்கும் அது கட்டாயமில்லை. ஆக, அந்தக் கவர்களில் ஒரு தப்பும் இல்லை. சட்டப்படி எல்லாம் சரி.

ஐயா, என் கம்பியில் தொங்குகிற எதுவும் 60 மில்லி கிடையாது.

காசிமேட்டில் வலை இழுப்பவர், ஹார்பரில் லோடு ஏற்றுபவர், கொருக்குப்பேட்டையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண், இவர்கள்தான் எனக்கு வாடிக்கை. அன்றாடம் கூலி, அன்றாடம் சாமான். 200 மில்லி பாட்டிலை ஒரே தடவையில் வாங்கக் கையில் காசு நிற்காது. எந்தக் காலத்திலும் நின்றதில்லை. சாஷே புரட்சியின் தந்தை என்று நம் கடலூர் சின்னி கிருஷ்ணனைச் சொல்வார்கள். ஏழையும் ஷாம்பூ போட வேண்டும் என்றுதான் அது வந்தது, நல்ல விஷயம்தான். பெரம்பூரில் ஏசி கடையில் பெரிய பாட்டில் வாங்கும் தாய்க்குப் பட்டியல் கிடைக்கிறது. அதே கம்பெனியின் அதே ஷாம்பூவை என்னிடம் சாஷேவாக வாங்கும் தாய்க்குக் கிடைப்பதில்லை. குழந்தைத் தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?

சின்ன பாக்கெட் என்பதால் ஆபத்தும் சின்னதாகத்தான் இருக்கும் என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் குழந்தைச் சாமான்கள் இயல்பிலேயே சின்ன அளவில் வருபவை. கண்மை டப்பா இரண்டு மூன்று கிராம்தான். அதை எவ்வளவு வசதியான வீட்டில் வாங்கினாலும் 30 கிராமைத் தொடாது. காரீயக் கலப்பு விஷயத்தில் உலகமே பயப்படுவது இந்தக் கண்மை, சுர்மா வகைகளைப் பார்த்துத்தான். காரீயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கண்ணில் தீட்டியதைக் குழந்தை கையால் தேய்க்கும், அந்தக் கையை வாயில் வைக்கும். நம் நாட்டிலும் காரீயம் கலந்த நிறமிகளுக்குத் தடை இருக்கிறது. தடை இருந்து என்ன, டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சொல் இல்லை. எங்கள் ஆயாக்களிடம் "மை வைக்காதே" என்றால் "கண்ணு பட்டா நீ வந்து பாப்பியா?" என்று கேட்பார்கள். கன்னத்துப் பொட்டை உள்ளங்காலுக்கு மாற்றச் சொல்லிப் பார்க்கிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

பவுடரும் அப்படித்தான். குளித்ததும் குழந்தை முகம் வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும் எங்கள் பக்கத்தில், இல்லாவிட்டால் குளிப்பாட்டவே இல்லை என்று அர்த்தம். அந்தத் தூள் பறந்து மூச்சில் போய் நுரையீரலில் படியும் என்பதால் குழந்தை மருத்துவர்கள் பவுடரே வேண்டாம் என்கிறார்கள். பவுடரில் போடும் டால்க் பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கல். அது கிடைக்கும் இடத்திலேயே புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024இல் டால்க்கையே 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் சேர்த்தது. சோளமாவுப் பவுடர்களும் இப்போது வருகின்றன. ஆனால் எந்த டப்பாவில் கல், எந்த டப்பாவில் மாவு என்று விற்கிற எனக்கே தெரியவில்லை.

சாமான் கெட்டுப் போகாமல் இருக்கப் போடும் பாரபென் என்றாலே விஷம் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை நான் நம்புவதில்லை. தண்ணீர் கலந்த எதுவும் கெட்டுப் போகாமல் இருக்க ஏதோ ஒன்று போடத்தான் வேண்டும். எவ்வளவு, எங்கே தடவ, எந்த வயதுக்கு என்பதுதான் கேள்வி. டென்மார்க் 2011இல் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பொருட்களில் புரோப்பைல், பியூட்டைல் பாரபென்களைத் தடை செய்தது. 2014இல் ஐரோப்பிய ஒன்றியமும், அந்த வயதுக் குழந்தைகளுக்கு நாப்கின் கட்டும் இடத்தில் தடவும் பொருட்களில் அவை கூடாது என்றது. அந்த இடம் மூடியே ஈரமாக இருக்கும், தோல் புண்பட்டிருக்கும், தடவியது உடம்புக்குள் சுலபமாக ஏறும். குழந்தைக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பும் நம்மைவிட அதிகம். இவ்வளவு யோசித்து ஒரு நாடு விதி போடுகிறது. இங்கே நாப்கின் புண்ணுக்கு வாங்கும் 20 கிராம் டியூபில் என்ன இருக்கிறது என்று சொல்லவே வேண்டாமாம்.

அப்புறம் வாசனை. 'பெர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனையோ சரக்கு ஒளிந்துகொள்ளும். ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாவதும் அதுதான். ஆனால் வாசனை இல்லாத குழந்தைச் சோப்பை என் கடையில் ஒருவரும் வாங்க மாட்டார்கள், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தைப் பவுடர்தானே என்று லேசாக எடுத்துக்கொள்பவர்களுக்காக ஒன்று. 1972இல் பிரான்சில் 'மொரான்ஷ்' என்ற டால்க் பவுடரில் ஹெக்ஸாகுளோரோஃபீன் என்ற கிருமிநாசினி தவறுதலாக 6 சதவீத அளவுக்குக் கலந்துவிட்டது. 36 குழந்தைகள் இறந்தார்கள். தோல் வழியாகத்தான் அது உள்ளே போனது.

இனி உங்களிடம் கேட்பது. விதியைத் திருத்துவது டெல்லியின் அதிகாரம் என்று எனக்குத் தெரியும். ஆனால் குழந்தைகளுக்கு என்று விற்கும் எந்தப் பொருளுக்கும் இந்த 60 மில்லி, 30 கிராம் சலுகை கூடாது என்று தமிழ்நாடு எழுதிக் கேட்கலாமே. கவரில் இடமில்லை என்பார்கள். குழந்தைப் படத்துக்கு இடம் இருக்கிறதே.

சட்டம் மாறும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழியும் உண்டு. 2015இல் அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவித்தவர்களுக்குக் குழந்தை நலப் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கினார்கள். 16 பொருள், அதில் எண்ணெய், ஷாம்பூ, சோப்பும் உண்டு. என் தங்கைக்கு ராயபுரத்தில் பிரசவம் ஆனபோது அந்தப் பையை வாங்கியதில் அவ்வளவு சந்தோஷம் எங்களுக்கு. அரசாங்கம் டெண்டர் விட்டு வாங்கித் தாய்மாருக்குத் தரும் எந்தக் குழந்தைப் பொருளானாலும், கலவைப் பட்டியலைத் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்று டெண்டரிலேயே ஒரு வரி சேர்த்தால் போதும். விற்பவர் போட்டுத்தானே ஆக வேண்டும்?

மூன்றாவது, உங்கள் இன்ஸ்பெக்டர்களை எங்கள் பக்கம் அனுப்புங்கள். மெடிக்கல் ஷாப்புக்கு வருவார்கள், என்னைப் போன்ற கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. பாரிமுனையில் மொத்தமாக வாங்கி வரும்போது பேர் தெரியாத கண்மையும் பவுடரும் எங்கள் கையில் திணிக்கப்படுகின்றன. லாபம் அதில்தான் அதிகம். நானும் வாங்கி விற்றவள்தான். மாதிரி எடுத்துச் சோதியுங்கள், முடிவைத் தமிழில் போடுங்கள். 2019இல் ராஜஸ்தானில் ஒரு பெரிய கம்பெனியின் குழந்தை ஷாம்பூவில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருப்பதாக அந்த மாநில ஆய்வகம் சொன்னது. பிறகு மத்திய ஆய்வகம் இல்லை என்றது. முதல் செய்தி இங்கே எல்லாருக்கும் தெரியும். இரண்டாவது ஒருவருக்கும் தெரியாது.

மெடிக்கல் ஷாப் என்றதும் ஞாபகம் வருகிறது. நாப்கின் புண்ணுக்குச் சீட்டே இல்லாமல் ஸ்டீராய்டு கலந்த படை மருந்தைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்தக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே வந்தாயிற்று. அது நேரடியாக உங்கள் கையில் இருக்கும் வேலை.

என் பங்குக்கு நான் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஷாம்பூ சரம் வரும் பெரிய அட்டைப்பெட்டிக்குள் கம்பெனிக்காரர் ஒரே ஒரு அட்டை போட்டு அனுப்பட்டும், கலவைப் பட்டியலோடு, தமிழில். ஓட்டை போட்டு அதே கம்பியில் சரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறேன். இப்போதைக்கு அந்த நான்கு கவர்களையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கல்லாவுக்குள் வைத்திருக்கிறேன். உங்கள் இன்ஸ்பெக்டர் எந்த நாள் வந்தாலும் கொடுத்துவிடுவேன். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை மட்டும் கடை மூடியிருக்கும்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டைக் கடைக்காரி