மூன்றடி போதாது, நாலடி வேண்டும்

பெறுநர்:
பெருநகர சென்னை மாநகராட்சி ஆணையர் அவர்கள்
சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தின் (கும்டா) அதிகாரிகள்
தமிழ்நாடு போக்குவரத்து ஆணையர் அவர்கள்
சென்னைப் போக்குவரத்துக் காவல் உயரதிகாரிகள்

வணக்கம்.

சென்னையில் பார்க்கிங் கட்டணம், பார்க்கிங் டெண்டர் என்று பேச்சு எழும்போதெல்லாம் வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளிகளான எங்களுக்கென்று ஒரே ஒரு யோசனைதான் முன்வைக்கப்படுகிறது: மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்குக் கட்டணம் வேண்டாம் என்பது. நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் காருக்கு மணிக்கு 20 ரூபாய், டூவீலருக்கு 5 ரூபாய் என்று மாநகராட்சி வாங்கிவந்த கட்டணம் எங்களை முடக்கவில்லை. அந்த இருபது ரூபாயைக் கொடுத்துவிடலாம். கதவைத் திறந்து இறங்க முடியாத இடத்தில் இலவசமாக நிறுத்தி என்ன பயன்?

கணக்கைப் பாருங்கள். ஒரு கார் நிறுத்தக் கோடு போட்ட சாதாரணக் கட்டத்தின் அகலம் 2.5 மீட்டர். சின்னக் காரின் அகலம் சுமார் 1.7 மீட்டர். நட்டநடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 40 சென்டிமீட்டர் மிஞ்சும். கால் ஊன்றி இறங்குகிறவர் உடம்பை ஒருக்களித்து அந்தச் சந்தில் நுழைந்து வெளியே வந்துவிடுவார். சக்கர நாற்காலியின் அகலமே 65 முதல் 70 சென்டிமீட்டர். கதவு முழுதாகத் திறக்க வேண்டும், திறந்த கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே நாற்காலி வந்து நிற்க வேண்டும், சீட்டும் நாற்காலியும் ஏறக்குறைய ஒட்ட வேண்டும். இடைவெளி ஒரு சாண் கூடினாலும், உடம்பைக் கையால் தூக்கி மாற்றுகிறவர் நடுவில் விழுவார். அதனால்தான் ஒன்றிய அரசின் அனைவருக்குமான அணுகல் வழிகாட்டி நெறிகள், 2021-ஆம் ஆண்டுப் பதிப்பு உட்பட, மாற்றுத்திறனாளி கட்டத்துக்கு 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கேட்கின்றன. கட்டட வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் அது இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. சாதாரணக் கட்டத்தைவிடக் கூடுதலாக வேண்டியது ஏறத்தாழ நாலடி. வாமனன் மூன்றடி கேட்டு மூவுலகத்தையும் எடுத்துக்கொண்டான். நாங்கள் ஓரடி கூடுதலாகக் கேட்டாலும் ஒரு கதவு திறக்கிற இடம்தான் கேட்கிறோம்.

இந்த நாலடியில் நடக்கும் பெரிய தவறு, கார் வந்து நிற்கும்போது தெரியாது. பக்கத்துக் கட்டம் காலியாக இருக்கும்; தாராளமாக இறங்கிவிடலாம். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால் அங்கே இன்னொரு கார் ஒட்டி நிற்கும். சொந்தக் காருக்குள் ஏற வழியில்லை. டோக்கன் பையன் அந்தக் காரின் சொந்தக்காரரைத் தேடி ஓட, வெயிலில் காத்திருக்க வேண்டியதுதான். எனவே நாலடிப் பட்டை 'பக்கத்தில் இடம் விடுங்கள்' என்ற வேண்டுகோளாக இருந்தால் போதாது. தரையில் மஞ்சள் சாய்கோடு அடித்து, எந்த வண்டியும், குறிப்பாகச் சந்து கண்டால் நுழையும் பைக்குகள், நிற்க முடியாத இடமாக அது இருக்க வேண்டும்.

பட்டை எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். நம் ஊரில் ஸ்டியரிங் வலப்பக்கம். முன்பக்கமாக உள்ளே நுழைந்து நிற்கும் கட்டத்தில் பட்டை வலக்கைப் பக்கம் இருந்தால்தான் ஓட்டுநருக்குப் பயன். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் ஒரே பட்டையைப் பொதுவாக வைத்து இடத்தை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் பட்டைக்கு வலப்பக்கம் உள்ள கட்டத்தில் ரிவர்ஸில்தான் நிறுத்த வேண்டியிருக்கும். அங்கே 'பின்பக்கமாக நிறுத்தவும்' என்று தரையிலேயே எழுதிவிடுங்கள். வண்டி ஓட்டாமல் பாசஞ்சர் சீட்டில் வருகிறவருக்கு இதே கணக்கு தலைகீழ். அதனால் பொதுப்பட்டை முறையே நல்லது, யார் வந்தாலும் ஏதாவது ஒரு கட்டம் பொருந்தும்.

சாலையோரம் பிளாட்பாரத்தை ஒட்டி நீளவாக்கில் நிறுத்தும் இடங்களில் ஓட்டுநரின் கதவு ஓடுகிற போக்குவரத்தின் பக்கம் திறக்கும். பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் உரசிப் போகிற சாலையில் நாற்காலியை இறக்கி வைத்து அதற்கு மாறுவது தற்கொலைக்குச் சமம். அங்கே வீல்சேர் படம் வரைந்த பலகையை நட்டுவிட்டு 'ஒதுக்கிவிட்டோம்' என்று கணக்குக் காட்ட வேண்டாம். அதே சாலை பக்கத்துத் தெருவோடு சேரும் இடத்தில், தெருமுனையின் பார்வையை மறைக்காத தூரத்தில், நேர்க்குத்தாகவோ சாய்வாகவோ இரண்டு கட்டம் போடுங்கள்.

கட்டம் போட்ட பிறகும் வேலை முடியவில்லை. கட்டத்திலிருந்து பிளாட்பாரத்துக்கு ஏறும் சரிவு 1:12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது. 15 சென்டிமீட்டர் உயரப் பிளாட்பாரம் என்றால் சரிவின் நீளம் 1.8 மீட்டர். இரண்டடி நீளத்துக்கு சிமென்ட் கொட்டி மெழுகிவிட்டால் அது பைக் ஏறத்தான் உதவும்; நாற்காலி பின்னால் மல்லாந்துவிடும். சரிவின் அடியில் மழைநீர் வடிகால் கம்பி மூடி இருந்தால் முன்சக்கரம் கம்பி இடுக்கில் மாட்டும். மணல்மேல் பதித்த பேவர் பிளாக் ஒரு மழைக்காலம் தாண்டினாலே இறங்கும். கட்டத்துக்கும் சரிவுக்கும் கான்கிரீட் தளமே நிற்கும். பைக்குகள் நடைபாதையில் ஏறாமலிருக்க நடும் குட்டைத் தூண்களின் நடுவே குறைந்தது 90 சென்டிமீட்டர் விடுங்கள். மெரினாவில் 2022 நவம்பரில் கடற்கரை மணல்மேல் மரப்பாதை திறந்தீர்கள். டிசம்பரில் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது, பிறகு சரிசெய்தீர்கள். அதற்காக நன்றி. அந்தப் பாதை தொடங்கும் இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் 3.6 மீட்டர் அகலக் கட்டம் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள்.

பல அடுக்கு நிறுத்தங்களைப் பற்றிச் சுருக்கமாக: இயந்திரத் தட்டில் ஏற்றிவைக்கும் முறை எங்களுக்கு ஆகாது. தட்டின்மேல் கதவைத் திறக்க இடமில்லை. சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வதும் சரியல்ல. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் கையால் இயக்கும் ஹேண்ட் கண்ட்ரோல் பொருத்திய காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே பெடல்களோடு இணைந்த கம்பி ஓடும். பழக்கமில்லாதவர் ஏறி முழங்காலால் அந்த லீவரைத் தட்டிவிட்டால் வண்டி பாயும். தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்தில் இயந்திரத் தட்டு இல்லாத அகலக் கட்டங்கள் நான்கு இருந்தால் போதும்.

இனி, ஸ்கூட்டர். மாநகரில் வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளி என்றதும் கார் வைத்திருப்பவரையே நினைத்துவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையே விலையில்லாமல் வழங்கும் சைடு வீல் ஸ்கூட்டர்தான் எங்களில் பெரும்பாலோரின் கால். பின்னால் இருபுறமும் சக்கரம் சேர்ந்ததும் அதன் அகலம் சுமார் மூன்றரை அடி ஆகிவிடுகிறது. இறங்கி ஊன்றுகோலையோ காலிபர் என்ற தாங்கு கருவி மாட்டிய காலையோ ஊன்ற இன்னும் மூன்றடி வேண்டும். பைக்குகளை அப்பளக்கட்டு போல அடுக்கும் ஸ்டாண்டில் இதற்கு இடம் கிடையாது. 'ஓரமாப் போடுங்க' என்பார்கள். ஓரம் என்பது பெரும்பாலும் குப்பைத் தொட்டிக்கோ டிரான்ஸ்ஃபார்மருக்கோ பக்கத்தில் இருக்கும்.

அதைவிட மோசம், மற்ற பைக்குகளைப் போலப் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்துவது. சைடு வீல் சட்டம் வண்டியின் சேஸியோடு போல்ட்டாலும் வெல்டிங்காலும் பிணைந்தது. பக்கவாட்டில் இழுத்தால் புஷ் தேயும், அச்சு வளையும், ஒரு சக்கரம் தரையில் சரியாகப் படியாது. அப்படிப்பட்ட வண்டி திருப்பத்தில் ஒருபக்கம் இழுத்துக் கவிழும். டோயிங் வண்டியில் ஏற்றினாலும் இதே கதிதான். மேலும் அந்த வண்டியைக் கொண்டுபோய்விட்டால் சொந்தக்காரருக்கு ஸ்டேஷன்வரை வர வேறு கால் கிடையாது. தவறான இடத்தில் நின்றால் அபராதம் போடுங்கள், கட்டுகிறோம். வண்டியைத் தூக்காதீர்கள். போக்குவரத்துக் காவலர்களுக்கு இதை வாய்மொழியாகச் சொன்னால் அடுத்த இடமாறுதலோடு மறந்துபோகும். எழுத்தில் ஆணை வேண்டும். டூவீலர் ஸ்டாண்டின் நுழைவாயிலை ஒட்டி 2 மீட்டர் அகலத்தில் ஒரு கட்டம், ஐம்பது வண்டிக்கு ஒன்று என்ற கணக்கில் தொடங்கலாம். ஸ்கூட்டர்காரர்களுக்குக் கட்டண விலக்கும் இருக்கட்டும். அவர்களில் பலருக்கு நாளொன்றுக்கு நாலு இடத்தில் ஐந்து ரூபாய் என்பதே கனக்கும்.

சலுகை யாருக்கு என்ற கேள்வியில்தான் நியாயம் கெடுகிறது. இன்று அடையாளம் என்பது ஒரு ஸ்டிக்கர். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ சில்லறைக் காசு கொடுத்தால் வீல்சேர் படத்தை யாரும் ஒட்டிக்கொள்ளலாம். இன்னொரு பக்கம், தனித்துவ அடையாள அட்டை, அதாவது யு.டி.ஐ.டி., ஆளுக்கு உண்டு, வண்டிக்கு இல்லை. அட்டை பர்ஸில் இருக்கும், கண்ணாடியில் தெரியாது. இரண்டையும் இணைக்கும் அனுமதிச்சீட்டு ஒன்று தேவை. யு.டி.ஐ.டி. எண்ணுக்கு ஒரு சீட்டு, அதில் இரண்டு வண்டி எண்கள்வரை, ஸ்கேன் செய்தால் செல்லுமா என்று காட்டும் குறியீடு, முடியும் தேதி. ஓட்டுநருக்கு மட்டுமல்ல, தசைச்சிதைவோ பெருமூளை வாதமோ உள்ள பிள்ளையை ஏற்றிவரும் பெற்றோருக்கும் அது வேண்டும். மாற்றுத்திறனாளி வண்டியில் இல்லாதபோது சீட்டு செல்லாது. அப்பாவின் சீட்டை வைத்துக்கொண்டு மகன் ஷாப்பிங் போவதை எங்கள் வீடுகளிலும் நிறுத்த வேண்டியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் 2016-ஆம் ஆண்டு உரிமைகள் சட்டத்தின் 91-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறையோ ஒரு லட்சம்வரை அபராதமோ உண்டு. சீட்டிலேயே அந்தப் பிரிவை அச்சிடலாம்.

எல்லாருக்கும் எல்லாச் சலுகையும் வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். பார்வையற்றவரைக் கூட்டிவரும் காருக்குக் கிட்டத்தில் இடம் வேண்டும், அகலம் வேண்டாம். ஒரு கையில் மட்டும் குறைபாடு உள்ளவருக்குப் பல இடங்களில் இரண்டுமே வேண்டாம். நாற்காலிக்காரருக்கு அகலமும் நேரமும் வேண்டும். இறங்கி ஏறவே இருபது நிமிடம் போய்விடும் என்பதால் கட்டணக் கடிகாரத்தில் அரை மணி கழித்துக்கொண்டால் நியாயம். நாற்பது சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் இருந்தாலே அகலக் கட்டம் என்று வைத்தால், அந்த அகலம் இல்லாமல் இறங்கவே முடியாதவருக்கு இடம் மிஞ்சாது. சீட்டில் அகலத்துக்கு ஒரு நிறம், அண்மைக்கு ஒரு நிறம் என்று பிரித்துவிடுங்கள்.

போக்குவரத்து ஆணையர் அவர்களுக்குத் தனியாக. வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கும் ஒரு சொல்தான் மூன்று பூட்டைத் திறக்கிறது: சாலை வரி விலக்கு, சுங்கச்சாவடி விலக்கு, இன்ஷூரன்ஸில் சொந்தச் சேதப் பிரீமியத்துக்கு மோட்டார் காப்பீட்டு விதித்தொகுப்பின் ஐ.எம்.டி. 12 என்ற பிரிவு தரும் 50 சதவீதத் தள்ளுபடி. 'மாற்றியமைத்த வாகனம்' என்று ஆர்.சி.யில் ஏறாவிட்டால் மூன்றும் இழுபறிதான். பலர் வண்டியை வழக்கம்போலப் பதிவுசெய்து, ஆயுள் வரியும் கட்டி, பிறகு ஹேண்ட் கண்ட்ரோல், சைடு வீல் போன்ற கிட் பொருத்துகிறார்கள். அதற்கப்புறம் வரியைத் திரும்பப் பெறுவது குதிரைக்கொம்பு. தற்காலிகப் பதிவில் வண்டியை எடுத்து, கிட் பொருத்தி, பொருத்தியவரின் சான்றும் பில்லும் சேர்த்து ஆய்வுக்குக் காட்டி, அதன்பிறகே நிரந்தரப் பதிவுக்குப் போவதுதான் சரியான வரிசை. வண்டிப் பதிவுக்கான படிவம் 20-இல் உரிமையாளர் வகையில் மாற்றுத்திறனாளி என்ற கட்டம் 2020 அக்டோபரிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. டீலர்கள் அதை டிக் செய்வதில்லை, கேட்பதும் இல்லை. பதிவு மென்பொருள் அந்தக் கேள்வியைத் தாண்டவிடாமல் கேட்கட்டும்.

இதில் வஞ்சிக்கப்படுவது இடது கால் மட்டும் பாதிக்கப்பட்டவர். போலியோவால் இடது கால் சூம்பியவர் ஆட்டோமேட்டிக் கார் வாங்கினால் அவருக்கு ஒரு திருகாணிகூட மாற்ற வேண்டியதில்லை. கியர்தான் அவருடைய மாற்றம். ஆனால் மாற்றம் கம்பெனியிலேயே வந்துவிட்டதால் ஆர்.சி.யில் அந்தச் சொல் ஏறாது. சுங்கக் கட்டண விதிகள் 2008-உம் மாற்றுத்திறனாளிக்கென்றே வடிவமைத்துக் கட்டிய வண்டி என்றுதான் பேசுகின்றன. ஓட்டுநர் உரிமத்தில் 'ஆட்டோமேட்டிக் மட்டும்' என்று நிபந்தனை இருந்தால் அதையே மாற்றமைப்பாகக் கணக்கில் எடுக்கும் சுற்றறிக்கை ஒன்றை நீங்கள் அனுப்பலாம். மாநில வரியளவிலாவது குழப்பம் தீரும்.

ஜி.எஸ்.டி. உங்கள் கையில் இல்லை, ஆனாலும் அரசின் காதில் போடுங்கள். நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் உள்ள காரை எலும்பு மூட்டுக் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ளவர் 28-க்குப் பதில் 18 சதவீதத்தில் வாங்கிவந்தார். 2025 செப்டம்பர் 22 முதல் அதே அளவுக் கார் ஊருக்கே 18 சதவீதம். எல்லாருக்கும் விலை குறைந்தது சந்தோஷம். எங்கள் சலுகை மட்டும் சத்தமில்லாமல் காலாவதியாகிவிட்டது. கிட்டுக்கு 5 சதவீதம் என்பது 2021-இல் முடிவானது. காருக்கும் அதையே கேட்க ஜி.எஸ்.டி. மன்றத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது.

அடுத்த பார்க்கிங் டெண்டர் ஆவணத்தில் மூன்று விஷயங்கள் எழுத்தில் வர வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்தின் வரைபடத்திலும் 3.6 மீட்டர் கட்டமும் சாய்கோட்டுப் பட்டையும் அளவோடு குறித்திருக்க வேண்டும். கோடு அடித்துப் படம் எடுத்து அனுப்பும்வரை ஒப்பந்ததாரருக்கு வசூல் அனுமதி கிடையாது. ஒதுக்கிய கட்டத்தில் வேறு வண்டி நின்றால் பொறுப்பு அவருடையது. மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் புகார் வகைப் பட்டியலில் இதற்கென ஒரு வரி சேருங்கள். நோ பார்க்கிங்குக்கு இப்போது உள்ள 500 ரூபாய் அபராதத்தை அந்தக் கட்டத்திலும் தவறாமல் போட்டாலே பாதி காலியாகிவிடும். 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைப் பரிந்துரையாக விடாமல் கட்டாய விதிகளாக்கச் சொன்னது. விதி வந்த பிறகு உடைத்துக் கட்டும் செலவைவிட இப்போதே கோட்டைத் தள்ளி அடிப்பது மலிவு.

வரைபடம் தயாரானதும் தணிகாசலம் சாலை பல அடுக்கு நிறுத்தத்திலோ பாண்டி பஜாரிலோ ஒரு காலை வேளையில் அளந்து பார்க்க எங்களைக் கூப்பிடுங்கள். ஒரு ஹேண்ட் கண்ட்ரோல் கார், ஒரு சைடு வீல் ஸ்கூட்டர், இரண்டு நாற்காலிகள், ஒரு டேப்போடு வருகிறோம்.

இப்படிக்கு,
சென்னையில் வண்டி ஓட்டும் மாற்றுத்திறனாளிகளும், அவர்களின் வண்டிகளுக்குக் கிட் பொருத்தும் மெக்கானிக்குகளும்