வாசலில் உட்கார்ந்த ஒன்பது பேர்

உசிலம்பட்டி

அன்பு நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். ஆறு மாதமாக உனக்கு எழுதாமல் இருந்தது என் தவறுதான். இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

கிழக்குத் தெரு அத்தையின் மருமகளை நீ அறிவாய். கணவன் சாரத்திலிருந்து விழுந்து படுத்துவிட்டதால், ஒரு நிறுவனத்தில் வாங்கிய குழுக்கடனுக்கு அவளால் மூன்று தவணை கட்ட முடியவில்லை. சென்ற செவ்வாயன்று வசூலுக்கு வந்தவர், குழுவின் மற்ற ஒன்பது பெண்களையும் அவள் வாசலில் உட்கார வைத்து, பணம் வரும்வரை எவரும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த ஒன்பது பேரில் அவளுடைய நாத்தனாரும் ஒருத்தி. இருட்டிய பிறகு அந்த மருமகள் தன் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள்.

வசூலில் மிரட்டக் கூடாது என்றும், ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்தது, அந்த வாசலுக்கு வந்து சேரவே இல்லை.

நம் ஊரில் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழு தொடங்கிய நாட்களை நினைத்துக்கொண்டேன். களஞ்சியத்தை வளர்த்த அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளைக்கு 2001-இல் விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், அவர் காலைத் தொட்டு வணங்கியதைப் பார்த்து உன் அம்மா கண்கலங்கினாரே! நம் ஊர்க் குழுவிலும் தவணை தவறியதுண்டு. உன் பெரியம்மா மகளின் பிரசவச் செலவால் தடுமாறியபோது, பெண்களே கூடிப் பேசி, நான்கு மாத அவகாசம் கொடுத்து, தீர்மான நோட்டில் எழுதி வைத்தார்கள். சேமிப்பு அவர்களுடையது, பொறுப்பதா, நெருக்குவதா என்ற முடிவும் அவர்கள் கையில் இருந்தது. ஈடு கேட்காமல் இத்தகைய குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்க ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு 1992-இல் வழி திறந்தது, இந்தப் பழக்கத்தை நம்பித்தான். இப்போது கடன் கொடுக்க வருபவர்கள் அதே உறவை அடகாக எடுத்துக்கொள்கிறார்கள். அவகாசம் கொடுக்கும் உரிமையை மட்டும் பெண்களுக்கு விடுவதில்லை. மொய் வாங்கியவன் நொடித்துப்போனாலும், அவன் வாசலில் நம் ஊரார் இப்படி உட்கார்ந்ததில்லை.

நீ முப்பது ஆண்டு வங்கியில் இருந்தவன். பழைய குழுவின் கணக்கை உயிர்ப்பித்து, வங்கிக் கடனுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க என்னென்ன தாள்கள் வேண்டும் என்று நீ நேரில் வந்து சொல்ல வேண்டும். தீர்மான நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலை பெண்களை ஊர் மந்தைத் திடலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். நாத்தனாரும் வருவதாகச் சொன்னாள், மருமகள்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.

அன்புடன்,
உன் நண்பன்